இந்தியாவுக்கு இரண்டு பேர்: ஒருவர் நீடாமங்கலம், இன்னொருவர் மண்டியா

மூணாறு தலைப்பு:
வணக்கம். ஊர் நீடாமங்கலம் பக்கம். இப்போது நெதர்லாந்தில் நீர் மேலாண்மை படிக்கிறேன். அக்டோபர் கடைசியில் எங்கள் துறையில் நாடுகள் தினம். நாட்டுக்கு ஒரு மேஜை, பத்து நிமிடப் பேச்சு. இந்தியாவுக்கு வகுப்பில் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொருத்தி கர்நாடகத்து மண்டியாக்காரி. சிரிக்காதீர்கள்.

தாஜ்மகால் படமும் சமோசாவும் வைத்துத் தப்பித்துவிடலாம் என்றுதான் இருந்தோம். பேராசிரியர் விடவில்லை. "ரெண்டு பேரும் ஒரே காவிரி ஆற்றுக்காரர்களாமே, அதையே பேசுங்கள்" என்றுவிட்டார்.

அவள் நல்ல பெண். எனக்குக் காய்ச்சல் என்றதும் ரசம் வைத்துக் கொண்டுவந்தவள். ஆனால் அவள் தன் பக்கத்துக் கிருஷ்ணராஜசாகர் அணை என்று ஆரம்பித்தால் என் வாயில் நம் மேட்டூர் அணை தானாக வருகிறது. 2024-இல் வழக்கமான ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறக்கவில்லை, ஜூலை 28 வரை இழுத்தது. அப்பா அந்த வருடம் குறுவை நெல்லே போடவில்லை. அவள் அப்பா கரும்பு விவசாயி. 2023-இல் "எங்களுக்கே தண்ணீர் இல்லை" என்று மறியலில் உட்கார்ந்தவர். இப்போது நாங்கள் இருவரும் ஒரே கொடிக்குக் கீழே நிற்க வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது?

கடைமடைக்காரன்:
காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு வருடம் 192 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) கொடுத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. இதைச் சொல்லாமல் என்ன காவிரிப் பேச்சு? ரசத்துக்காக, வாய்க்கால் கடைசியில் கிடக்கும் கடைமடையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

துலாக்கட்டம்:
தம்பி, நான் மாயவரம். முப்பது வருஷம் மதகு திறந்து மூடிய ஆள். டி.எம்.சி. சண்டையை நானும் போட்டிருக்கிறேன், பக்கத்து ஊரோடு. முறைப் பாசனம் வந்தால் ராத்திரி ரெண்டு மணிக்கு ஷட்டர் மேலே ஆள் உட்கார்ந்திருப்பான். கர்நாடகம் வரைக்கும் போகவே வேண்டாம்.

உங்கள் விழா ஐப்பசியில் வருகிறது, கவனித்தாயா? அந்தத் துலா மாதம் பிறக்கும்போது, ஆறு பிறக்கும் தலைக்காவிரியில் தீர்த்தம் பொங்குகிறது என்று குடகிலும் மைசூர்ப் பக்கமும் கூட்டம் போகும். அதே மாதம் முழுக்க இங்கே மாயவரத்துப் படித்துறையான துலாக்கட்டத்தில் முழுக்கு. ஐப்பசி கடைசி நாள் கடைமுகம். அன்று வர முடியாத முடவனுக்காக கார்த்திகை ஒன்றாம் தேதி முடவன் முழுக்கு. ஆரம்பம் அவர்கள் பக்கம், முடிவு நம் பக்கம். அந்தப் பெண்ணை முதலில் பேசச் சொல்.

நாகை வாசல்:
நெதர்லாந்து என்றால் ஆனைமங்கலச் செப்பேட்டை விட்டுவிடாதீர்கள். அங்கே லெய்டன் நகருக்குப் போனதால் லெய்டன் செப்பேடு என்றே பெயர் விழுந்துவிட்டது. பெரிய தொகுதியில் 21 ஏடுகள். நாகப்பட்டினத்தில், இன்றைய இந்தோனேசியப் பக்கத்து ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த கதை அதில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் நாகையைப் பிடித்தது 1658. அந்த வழியில்தான் ஏடுகள் அங்கே போய்ச் சேர்ந்தன. உங்கள் வகுப்பில் இந்தோனேசியப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

இன்னொன்று. சோழர் செப்பேடுகளில், ஊர் வாய்க்காலை அடுத்தவன் குறுக்கே வெட்டக் கூடாது, அடைக்கக் கூடாது, கூடை போட்டு இறைக்கக் கூடாது என்றெல்லாம் விதி எழுதியிருப்பார்கள். வெட்டாமலும் அடைக்காமலும் இருந்திருந்தால் செம்பில் ஏன் எழுதுகிறார்கள்?

மூணாறு தலைப்பு:
எல்லாருக்கும் நன்றி. நேற்று முடிந்தது.

தரையில் எட்டடிக்குக் காகிதம் விரித்து ஆற்றை வரைந்தோம். தலைக்காவிரியிலிருந்து அவள், மேட்டூரிலிருந்து பூம்புகார் வரை நான். நடுவில், தமிழ்நாட்டுக்கு வரும் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவை யார் வரைவது என்று முதல் நாள் ராத்திரி அரை மணி நேரம் சண்டை. கடைசியில் அவளே வரைந்து, பக்கத்தில் 177.25 என்று அவளே எழுதினாள். நான் கேட்கவில்லை, சத்தியமாக.

துலாக்கட்டம் ஐயா, முடவன் முழுக்கைச் சொன்னதும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது அவளுக்கே தெரியாதாம். செப்பேட்டுக்கு இந்தோனேசியப் பையன் ஒருவன் எழுந்து நின்று கைதட்டினான். டச்சுக்காரர் ஒருவர் கடைமடை என்றால் என்ன என்று கேட்டார். கடல் மட்டத்துக்குக் கீழே குடியிருக்கிறவருக்கு, தண்ணீர் வந்து சேராத வயலை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சமோசா வைக்கவில்லை. நான் காப்பரிசி கிளறினேன், அவள் ராகி முத்தே, அதாவது களி உருண்டை, உருட்டினாள். மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று அவள் சொல்வதற்குள் பேராசிரியர் மென்றுவிட்டார்.