கீழடிக்கு அப்பத்தாவோடு போனோம்

பத்தாவது படிக்கும் பையனையும் கல்லூரி முதலாண்டுப் பெண்ணையும் ஒரே காரில் ஏற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. இவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பதினோரு மணிவரை தூக்கம். அவனுக்கு டியூஷனில் டெஸ்ட். கொடைக்கானல், மூணாறு என்றால் ஒருவேளை மசிவார்கள். ஆனால் அதற்கு எங்கள் இருவருடைய லீவும் கையில் காசும் ஒன்றாக அமைய வேண்டுமே! அதனால் கொஞ்ச நாளாக எங்கள் வீட்டில் அரை நாள் பயணம்தான். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. மதுரையில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் குறையே கிடையாது. சமணர் மலை, யானைமலை, அழகர்கோவில், திருமோகூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது இருக்கிறது.

இந்த முறை கீழடி. ராமநாதபுரம் ரோட்டில் சிலைமான் தாண்டிப் பிரிய வேண்டும், மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர் போலத்தான். 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்ததிலிருந்தே போக வேண்டும் என்று பேச்சு. பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றே தள்ளிப்போயிற்று. கடைசி நேரத்தில் என் மாமியாரும் வருகிறேன் என்றார். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, மூட்டுவலி வேறு. "பழைய ஓட்டைப் பாக்குறதுக்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்டவர்தான், எல்லோருக்கும் முன்னால் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். எங்கே போனாலும் அங்கிருக்கும் பலகை அத்தனையையும் சத்தமாக வாசிப்பார். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வாயைப் பிளந்து கேட்டார்கள். இப்போது பத்தடி தள்ளி, இந்த ஆள் யாரோ என்பதுபோல நடக்கிறார்கள். கீழடியிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. 2014-15இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது, நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது, 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் வயதை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பார்த்ததில் கி.மு. 580 என்று வந்தது... இவர் சொல்லிக்கொண்டே போகிறார். பையன் செல்போனை வெளியே எடுத்துவிட்டான்.

கட்டடம் செட்டிநாட்டு வீட்டுப் பாணி. தூணும் தாழ்வாரமுமாக நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது செல்ஃபி எடுக்கப் பயன்பட்டது. சரி, அதுவும் ஒரு பயன்.

கறுப்பு சிவப்புப் பானைகள் இருக்கும் இடத்துக்கு வந்ததும்தான் நிலைமை மாறியது. உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கறுப்பு, வெளியே கீழ்ப்பாதி சிவப்பு. இரண்டு சாயம் பூசியிருப்பார்கள் என்று மகள் சொன்னாள். அத்தை சிரித்துவிட்டார். அவருக்குப் பிறந்த ஊர் மானாமதுரை. கடத்துக்குப் பேர்போன ஊர். வீட்டுக்குப் பின்தெருவில் முழுக்க மண்பானை செய்யும் வேளார் வீடுகள், சூளை பற்றவைத்தால் புகை இவர்கள் அடுப்படிவரை வருமாம்.

"சாயமும் இல்ல, ஒண்ணும் இல்லத்தா. சூளையில பானையைக் கவுத்து வெச்சுருவாக. உள்ள காத்துப் போகாது, கருத்துப்போயிரும். வெளிய காத்துப் படுற பக்கம் செவக்கும்."

பையன் செல்போனைப் பைக்குள் போட்டான். "அப்பத்தா, அப்ப உள்ளே ஆக்ஸிஜன் இல்ல. மண்ணுல இரும்பு இருக்குல்ல, ஆக்ஸிஜன் பட்டாத்தான் அது செவப்பாகும்." பாடப்புத்தகத்தில் ஆக்ஸிஜனேற்றம், ஒடுக்கம் என்று மனப்பாடம் செய்ததை முதல் தடவையாக அவன் வாயால் வேறொரு இடத்தில் கேட்கிறேன். அத்தைக்கு இரும்பும் ஆக்ஸிஜனும் பிடிபட்டதா தெரியாது. "ஆமா, அதேதான்" என்று ஒப்புக்கொண்டார். இருவரும் எங்களை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் அத்தைதான் கைடு. தக்களிகளைப் பார்த்ததும், நூல் எப்படி முறுக்குவது என்று விரலாலேயே செய்து காட்டினார். உறைகிணற்றைப் பார்த்து, ஆற்று மணலில் வெட்டுகிற கிணறு சரியாமல் இருக்க உறை இறக்குவார்கள் என்றார். வைகைக்கரைக்காரர், சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன. 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர் கீறிய ஓடுகளைப் பற்றி மட்டும் அவரிடம் கதை இல்லை. அங்கே மகள் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்துக் காட்டினாள். தமிழி என்கிற அந்தப் பழைய தமிழ் எழுத்தில் 'த' எது, 'ன' எது என்று கொஞ்சம் பழகினால் யாரும் படித்துவிடலாம் போலிருக்கிறது. வீட்டுக்காரர் இரண்டு முறை குறுக்கே பேசப் போனார். நான் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தேன்.

விளையாட்டுப் பொருள் வைத்திருக்கும் பகுதியில்தான் ரொம்ப நேரம் நின்றோம். பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள் நிறைய இருக்கின்றன. ஆட்டக்காய்கள், பகடை எல்லாம் உண்டு. அத்தை கண்ணாடிப் பெட்டியில் மூக்கு முட்ட நின்று பார்த்தார். "இதே மாதிரிதான் நாங்களும் தரையில தேச்சுத் தேச்சு வட்டமாக்குவோம். பாண்டி ஆடுறதுக்கு." பக்கத்தில் நின்றிருந்த, எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு அம்மாவும் பேச்சில் சேர்ந்துகொண்டார். பக்கத்து ஊர்க்காரராம், அகழாய்வில் கூலி வேலைக்குப் போனவராம். மண்ணை மண்வெட்டியால் வாரிப் போட முடியாது, சின்னக் கொத்தால் சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், ஏதாவது தட்டுப்பட்டால் கை வைக்காமல் மேற்பார்வை செய்கிறவரைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னார். குழிக்கும் குழிக்கும் நடுவில் சுவர் மாதிரி மண்ணை விட்டுவைப்பது, எந்த அடுக்கில் எது கிடைத்தது என்று பார்ப்பதற்காம். "சில்லு கெடைச்சப்ப நாங்க சிரிச்சோம்க்கா. எங்க பிள்ளைக தெருவுல போட்டு ஆடுறதை இவுக பொட்டலம் கட்டி நம்பர் போடுறாகளேன்னு." எந்தப் பலகையிலும் இது எழுதியிருக்காது.

திரும்பும் வழியில் ரோட்டோரம் இளநீர் குடிக்க நிறுத்தினோம். நானும் வீட்டுக்காரரும் முன் சீட்டில், அத்தையும் பிள்ளைகளும் பின்னால். அப்போது பையன் அப்பத்தாவிடம், தனக்குப் பதினொன்றில் பயாலஜி குரூப் வேண்டாம் என்று சொன்னான். நீட் கோச்சிங் போக மாட்டானாம், கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுக்கணுமாம். இந்த விஷயத்தை நாங்கள் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். "பாக்கலாம்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வந்தது இல்லை. இவர் சட்டென்று திரும்பப் பார்த்தார். தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

அத்தை இளநீர் வழுக்கையைச் சுரண்டிக்கொண்டே சொன்ன பதில் இது: "உங்க தாத்தா உங்கப்பனை ஐ.டி.ஐ.யில போட்டுருவோம்னு நின்னாரு. இவன் சோத்தைத் தொடாம கெடந்தான்ல. கடைசில காலேஜுக்குத்தான் போனான்." பின் சீட்டில் ஒரே சிரிப்பு. என் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த உண்ணாவிரதக் கதையை எனக்கு யாரும் சொன்னதில்லை! வீட்டுக்காரர் காது சிவந்துபோய் வண்டியை எடுத்தார். குரூப் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அன்று இரவு பையனே அப்பாவிடம் வந்து பேசினான், அரை மணி நேரம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. என் பொறுமைக்கு அது பெரிய சாதனை.

இன்னொன்றும் நடந்தது. மறுநாளே அத்தை பரண்மேலிருந்து பித்தளைத் தாயக்கட்டையை இறக்கச் சொல்லிவிட்டார். மாடியில் சாக்பீஸால் கட்டம் போட்டாயிற்று. புள்ளியியல் படிக்கும் என் மகள் நோட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். ஒரு கட்டையில் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நாலு பக்கம். இரண்டு கட்டைக்குப் பதினாறு விதம். தாயம், அதாவது மொத்தம் ஒன்று, விழ அதில் இரண்டே வழி, இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு, அது விழ ஒரே வழி, மூன்றுக்குத்தான் அதிகம், நாலு வழி. ஆகவே எட்டில் ஒரு பங்குதான் தாயத்துக்கு வாய்ப்பு என்று அப்பத்தாவுக்கு விளக்கினாள். "அப்படியாத்தா" என்று கேட்டுக்கொண்டே அத்தை உருட்டினார், தாயம். மறுபடி உருட்டினார், பன்னிரண்டு. மகள் நோட்டை மூடிவிட்டாள்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். நிதானமாகப் பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வெயில் ஏறுமுன் போவது உத்தமம். வயதானவர்களை நடுவில் எங்காவது உட்காரவைத்துக் கூட்டிப் போங்கள்.

அடுத்து புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் சித்தன்னவாசல் என்று பேச்சு ஓடுகிறது. ஓவியம் இருக்கும் குகைக்கோயில்வரை அத்தையைக் கூட்டிப் போய்விடலாம் என்கிறார் இவர். சமணர் படுக்கைகள் இருக்கும் ஏழடிப்பட்டம் குகைப் பக்கம் ஏறுவது எனக்கே சிரமம், அத்தையோ அதையும் பார்க்கணும் என்கிறார். மூட்டுவலிக்காரர்களை அங்கே கூட்டிப் போனவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள்.