புதுப்பிப்பு: மாங்கன்று நோட்டீஸில் கியூஆர் கோடு

சந்தூர் நர்சரிக்கு அடிக்கும் நோட்டீஸில் எது ஆளைக் கொண்டுவருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது என முன்பு கேட்டிருந்தேன். இடத்துக்கு ஒரு கியூஆர் கோடு போடச் சொன்னீர்கள். போட்டாயிற்று.

போச்சம்பள்ளி சந்தைக்கு ஒன்று, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடைகளுக்கு ஒன்று, உரக்கடைகளுக்கு ஒன்று. மூன்றுமே ஒரே விலைப்பட்டியலுக்குத்தான் போகும். நடுவில் இருக்கும் குட்டி லிங்க், எந்தத் தாளிலிருந்து வந்தார்கள் என்று எண்ணிக்கொள்கிறது. பட்டியலை வேறு பக்கத்துக்கு மாற்றினாலும் நோட்டீஸை மறுபடி அடிக்க வேண்டாம்.

டீக்கடையில் ஸ்கேன் அதிகம், ஆனால் பார்த்துவிட்டுப் போகிறவர்களே நிறைய. உரக்கடையில் ஸ்கேன் குறைவு. வருகிறவர்களோ பெங்களூரா கன்று எத்தனை, அல்போன்சா கன்று எத்தனை என்று கணக்கோடு வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். இடத்தின் பெயர் அந்த மெசேஜிலேயே தானாக வரும்படி வைத்திருப்பதால் குழப்பமில்லை. ஸ்கேன் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

அச்சடிப்பவர்களுக்கு: பளபள லேமினேஷன் வேண்டாம், வெயிலில் போன் படிக்கத் திணறுகிறது. கியூஆர் கோடு முழுவதையும் சுற்றி, அதிலுள்ள குட்டிக் கட்டங்களில் நான்கின் அகலத்துக்கு வெள்ளையாக விட வேண்டும். கோடு உருவாக்கும்போது பிழைதிருத்தத்தை (error correction) 'எச்' (H) என்ற உச்ச நிலையில் வைத்தால் சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கும், மூலைச் சதுரங்கள் மூன்றும் தப்பினால். மடிப்பு அவற்றின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மாங்கனி கண்காட்சிக்கும் தனிக் கோடு போடப்போகிறேன்.