மீன்தொட்டி டைமர், பவர் பார்: தமிழ்ச்சொல் வெள்ளிக்குள் வேண்டும்

பாளை மொழிபெயர்ப்பாளர்:

குழுவினர்க்கு வணக்கம். ஜங்ஷன் பக்கம் வண்ணமீன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் நாலு பக்கத்தில் ஒரு கையேடு கேட்டிருக்கிறார். தொட்டி வாங்கிப் போகிறவர்கள் கரண்ட் விஷயத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதுதான் பொருள். வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொல்லில் நிற்கிறேன்.

முதலாவது டைமர். தொட்டி விளக்கு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எரிந்தால் போதும், கூடினால் கண்ணாடியெல்லாம் பாசி. அதைக் குறித்த நேரத்தில் போட்டு அணைக்கும் கருவி இது. இரண்டாவது பவர் பார், வரிசையாகத் துளை வைத்த நீளப் பெட்டி. சில ரகங்களில் டைமர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பாதித் துளைகள் டைமருக்குக் கட்டுப்பட்டவை, மீதியில் எப்போதும் கரண்ட் வரும். இந்த இரு வகைத் துளைகளுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். விளக்கை அதில் மாட்டுங்கள், ஃபில்டரை இதில் மாட்டுங்கள் என்பதுதான் கையேட்டின் உயிர்நாடி.

இப்போதைக்கு ‘நேரங்காட்டி’, ‘மின்பலகை’ என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

அம்பை தமிழாசிரியர்:

தம்பி, நேரங்காட்டி வேண்டாம். காட்டுவது கடிகாரத்தின் வேலை. இந்தக் கருவி யாருக்கும் எதையும் காட்டவில்லை.

முல்லைப்பாட்டைப் பாருங்கள். பாசறையில் ‘பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்’ அரசன் முன் வந்து, ‘நின் குறுநீர்க் கன்னல் இனைத்து’ என்று நாழிகை சொல்கிறார்கள். கன்னல் என்பது நாழிகை வட்டில். சிறிது சிறிதாகச் செல்லும் நீரைக் கொண்டு பொழுதை அளந்த கலம். தண்ணீர்த் தொட்டிக்குப் பொழுதளக்கும் கருவிக்கு நப்பூதனார் பெயரே வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கன்னல் என்றே வையுங்கள். மூன்றெழுத்தென்று சொல்ல முடியாவிட்டாலும் நாவில் நிற்கும்.

தென்காசி வயர்மேன்:

சார்வாள் சொல்வது அழகான சொல். ஆனால் கன்னல் என்றால் கரும்பு என்றுதான் எங்கள் ஊரில் படித்தவர்களே சொல்வார்கள். இன்னொன்று, நேரத்தை அளப்பது பாதி வேலைதான். இணைப்பைக் கொடுப்பதும் எடுப்பதும் மறு பாதி. சொல்லில் ஸ்விட்ச் என்ற பொருள் வந்தாக வேண்டும்.

கையேட்டில் இதையும் சேருங்கள். விலை குறைந்த சுற்று டைமரில் வட்டத்தைச் சுற்றி 96 பற்கள் இருக்கும், பல்லுக்குக் கால் மணி நேரம். கரண்ட் போனால் அதன் கடிகாரமும் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குப் போன கரண்ட் 2 மணிக்கு வந்தால் டைமர் ஐந்து மணி நேரம் பிந்திவிடும். 10 மணிக்கு எரிய வேண்டிய விளக்கு 3 மணிக்கு எரியும், மாலை 6 மணிக்கு அணைய வேண்டியது இரவு 11 மணிக்கு அணையும். பாசி கூடிவிட்டது, தண்ணீர் சரியில்லை என்று பல பேர் அலைகிறார்கள். டைமரைத் திருப்பி வைத்தால் தீர்ந்தது. உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு இந்தத் தொல்லை இல்லை.

சேரன்மகாதேவி இயற்பியல் ஆசிரியை:

‘நேரவிசை’ என்று யாரேனும் சொல்வதற்கு முன்னால் தடுத்துவிடுகிறேன். பாடநூலில் விசை என்றால் தள்ளுவதும் இழுப்பதும். நியூட்டன் விதியை அந்தச் சொல்லில் படித்த பிள்ளையிடம் சுவரில் இருக்கிற ஸ்விட்சும் விசை என்றால் குழம்பும்.

இலங்கைத் தமிழர்கள் ஸ்விட்சை ஆளி என்கிறார்கள். ஆள் என்ற வினையடியோடு ‘இ’ சேர்ந்தது, மின்னோட்டத்தை ஆள்வது. பொழுதைக் கொண்டு ஆள்வதால் ‘பொழுதாளி’. வகுப்பில் ஒரு தடவை சொன்னேன், பிள்ளைகள் விளக்கம் கேட்கவே இல்லை.

அம்பை தமிழாசிரியர்:

அம்மா, பொருநராற்றுப்படையில் ‘ஆளி நன்மான்’ என்று வருவது யாளி. யானையையே அடிக்கும் விலங்கு. நம் கோயில் தூண்களில் நிற்பதும் அதுதான். அது ஒரு பக்கம் இருக்கட்டும். தொழிலாளி, பாட்டாளி, முதலாளி என்று வழக்கில் உள்ளவற்றையும் பாருங்கள். எல்லாம் உயர்திணை. பொழுதாளி என்றால் சங்கு ஊதுகிற ஆளைச் சொல்வதாகத்தான் படும். கருவிக்கு உயர்திணைச் சாயல் எதற்கு?

சேரன்மகாதேவி இயற்பியல் ஆசிரியை:

ஐயா, ‘இ’ விகுதி இரு திணைக்கும் பொது. மண்வெட்டி அஃறிணைதானே? அதில் யாரும் ஆளைத் தேடுவதில்லை.

சங்கரன்கோவில் அன்பர்:

சொல் எதுவானாலும் தனித்தமிழாக இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். பாவாணர் 1902இல் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். 1930களில் நெல்லையிலிருந்துதான் இ.மு. சுப்பிரமணிய பிள்ளை சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தை நடத்தினார். கலைச்சொல் திரட்டி அச்சிட்ட மண் இது. டைமர் என்று எழுத ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

மின்பலகை என்பது சுவரில் உள்ள ஸ்விட்ச் போர்டோடு மயங்கும், அதை விடுங்கள். துளைக்குக் ‘குதை’ என்ற சொல் இருக்கிறது. வில்லில் நாணை மாட்டும் இடம் குதை. செருகியை மாட்டும் இடமும் குதை. வரிசையாக இருந்தால் ‘குதைவரிசை’.

அம்பை தமிழாசிரியர்:

குதை நன்று. மின்பலகைக்கு இன்னொரு தடையும் உண்டு. ‘மின்னும் பின்னும் பன்னும் கன்னும் அந்நாற் சொல்லும் தொழிற்பெயர் இயல’ என்கிறது தொல்காப்பியம். மின் என்ற சொல் உகரம் பெற்றுத்தான் புணர வேண்டும். மின்னுக் கடிது, மின்னு வலிது. ஆகவே மின்னுப்பலகை. மின்விசிறியும் மின்னுவிசிறிதான். மின்கம்பி மின்னுக்கம்பி. மின்வாரியத்தார் பெயர்ப்பலகையிலிருந்தே தொடங்க வேண்டிய திருத்தம் இது.

தென்காசி வயர்மேன்:

அதே தொல்காப்பியத்தில் ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்றும் இருக்கிறதே சார்வாள். காலத்தோடு வழக்கில் வந்துவிட்ட சொல்லைத் தள்ளக் கூடாது என்றுதானே பொருள். மின்விசிறி காலத்தில் பட்டுவிட்டது.

சங்கரன்கோவில் அன்பர்:

அந்த நூற்பா தமிழ்ச்சொல் காலத்தால் மாறுவதற்கு. ஆங்கிலச் சொல்லை ஏற்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவதை ஒப்பமாட்டேன். தாமிரபரணி என்று சொல்லிச் சொல்லிப் பொருநையை மறந்ததைப்போல இதுவும் ஆகிவிடும்.

மேலப்பாளையம் உறுப்பினர்:

தாமிரபரணி என்று சொல்கிற நாங்கள் ஆற்றை மறக்கவில்லை அண்ணாச்சி. பாளையங்கால்வாய் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது.

மீன்கடையில் நாலு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் ‘எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்’ என்றுதான் கேட்பார்கள். குதைவரிசை என்று அச்சில் பார்த்துவிட்டுக் கடையில் கேட்டால் கடைக்காரர் கையை விரிப்பார். இது ஷாக் அடிக்கிற சாமான். ஈரக் கையோடு நிற்கிற ஒருவருக்கு ஒரே வாசிப்பில் விளங்காத சொல் ஆபத்தானது. தூய்மைக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்க எனக்குச் சம்மதம் இல்லை. டைமர் டைமராகவே இருக்கட்டும்.

சங்கரன்கோவில் அன்பர்:

விளங்காது என்று அச்சிடாமலே இருந்தால் என்றைக்கு விளங்கும்? பேருந்தும் ஒரு நாள் புதுச்சொல்தான்.

வீரவநல்லூர் விவசாயி:

ஐந்து நாளாக எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். இரு வகைத் துளைக்குப் பெயர் கேட்டாரே, அதை யாரும் தொடவே இல்லை.

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். உங்கள் முறை வந்தால் மடை திறக்கும், முறை முடிந்தால் அடையும். பெட்டியில் நடப்பதும் இதேதான். நேரத்துக்குக் கட்டுப்பட்ட துளை ‘முறைத்துளை’, எப்போதும் கரண்ட் நிற்கிற துளை ‘நிலைத்துளை’. வயலில் கால் வைத்த யாருக்கும் முறை என்றால் விளக்க வேண்டாம்.

ஒயர் விஷயமும் ஒன்று. தொட்டியிலிருந்து வரும் ஒயர் நேராகப் பெட்டிக்குப் போகக் கூடாது. பெட்டிக்குக் கீழே ஒரு சாண் தொங்கி, பிறகு மேலேறிப் போக வேண்டும். ஒயரோடு வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், துளைக்குள் போகாது. எங்கள் வீட்டில் இதைச் ‘சொட்டுவளைவு’ என்கிறோம்.

சேரன்மகாதேவி இயற்பியல் ஆசிரியை:

முறைத்துளை, நிலைத்துளை இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். சொட்டுவளைவும் அப்படியே.

அம்பை தமிழாசிரியர்:

முறைக்குதை, நிலைக்குதை என்றால் இன்னும் செப்பம். ஆனாலும் எதிர்க்கவில்லை.

தென்காசி வயர்மேன்:

எனக்கும் சம்மதம். நிலைத்துளைக்குப் போக வேண்டியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். ஃபில்டர் இருபத்து நாலு மணி நேரமும் ஓட வேண்டும். அதன் பஞ்சில் வாழும் நுண்ணுயிர்கள்தான் மீன் கழிவின் அமோனியாவை மாற்றுகின்றன. ஓட்டம் நின்றால் அவற்றுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. ஹீட்டருக்கும் டைமர் வேண்டாம், சூட்டைப் பார்த்துத் தானே போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் உள்ளேயே இருக்கிறது. பாளையில் ஹீட்டரே பலருக்குத் தேவைப்படாது. எங்கள் பக்கம் சாரல் காலத்தில் கேட்கிறார்கள். செடி வைத்த தொட்டிக்குக் கார்பன் டை ஆக்சைடு விடுகிறவர்கள் அதன் வால்வையும் டைமரில் மாட்டலாம். விளக்குக்கு ஒரு மணி நேரம் முன்னால் திறந்து, விளக்கோடு மூடலாம். நேரம் வேறு என்பதால் விளக்கின் முறைத்துளை ஆகாது, அதற்குத் தனி டைமர் வேண்டும்.

6 ஆம்பியர் பெட்டி 230 வோல்ட்டில் 1380 வாட்டுக்குமேல் தாங்காது. தொட்டிச் சாமான் எல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு வராது. ஆனால் அதே பெட்டியில் அயர்ன் பாக்ஸைச் செருகுகிறார்கள், அங்கேதான் கருகுகிறது. பெட்டியைத் தரையில் போடாமல் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் மாட்ட வேண்டும். காற்றுப் பம்பு கீழே இருந்தால், கரண்ட் போன நேரத்தில் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் இறங்கிப் பம்புக்குள் வந்துவிடும், பக்கத்தில் பெட்டி இருந்தால் அதிலும் இறங்கும். குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். மெயின் பெட்டியில் இருக்கிற எம்சிபி ஸ்விட்ச் அதிகச் சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான், ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்றாது.

பாளை மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். முறைத்துளை, நிலைத்துளை, சொட்டுவளைவு மூன்றும் அப்படியே போகின்றன. டைமருக்கு முதல் பக்கத்தில் ‘பொழுதாளி எனப்படும் டைமர்’ என்று ஒருமுறை எழுதிவிட்டு, மற்ற இடங்களில் டைமர் என்றே விடுகிறேன். பெட்டி ‘எக்ஸ்டென்ஷன் பெட்டி’தான். எழுதியவர்களில் பெரும்பாலோர் தனிமடலில் இதற்குச் சரி என்றார்கள். எல்லாருக்கும் களைப்பு.

சங்கரன்கோவில் அன்பர்:

என் மறுப்பு இருக்கட்டும். பாதிப் பெட்டிக்குத் தமிழும் பாதிப் பெட்டிக்கு ஆங்கிலமும் சரிவராது. உள்ளே இருக்கிற துளைக்கு ஐந்து நாளில் தமிழ் கிடைத்ததென்றால் வெளியே இருக்கிற பெட்டிக்கும் கிடைத்திருக்கும். அடுத்த பதிப்புக்குக் குதைவரிசையை மறுபடியும் கொண்டுவருவேன்.

அம்பை தமிழாசிரியர்:

தெர்மோஸ்டாட்டை அப்படியே விட்டுவிட்டோம். அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறேன், நாளை விரிவாக எழுதுகிறேன்.