நிலம் உறைவதற்கு முன் ஒரு யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. உழாமல், ரசாயனம் போடாமல் மண்ணை மீட்டெடுக்கும் பண்ணை எங்களுடையது. மழையால் மக்காச்சோள அறுவடை தள்ளிப்போய், மண்ணை வெறுமையாக விடாமல் மூடிக் காக்கும் மூடுபயிர் விதைப்பும் தாமதம். மூடுபயிர்களில் ரை எனும் தானியம் கடும் குளிரிலும் முளைத்துவிடும். வெட்ச் எனும் பயறுவகையை இவ்வளவு பிந்தி அதோடு கலந்தால் தாக்குப்பிடிக்குமா, விதைக்காசு வீணா?

பெரிய கவலை மாடுகள்தான். உடல் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் உலர்தீவனம் தினமும் வேண்டும், கடுங்குளிரில் இன்னும் கூடும். கையிருப்பு வசந்தம் வரை இழுத்துப் பிடித்தால்தான் உண்டு. புல்கட்டுகளை இப்போதே வயலில் ஆங்காங்கே வைத்து, மின்வேலியை நகர்த்தி நகர்த்தி அங்கேயே தின்னவிட்டால் சாணமும் மூத்திரமும் அந்த மண்ணுக்கே சேரும். மிதிபட்டு எவ்வளவு வீணாகும்? செய்து பார்த்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கோழிகளுக்கு ஆழ்கூளம், அதாவது கொட்டகைத் தரையில் தடிமனான கூளப் படுக்கை, போட்டாயிற்று. ஈரம் தங்காமல் மேலே காற்றுவழியும் இருக்கிறது.

"ஆண்டவன் பார்த்துப்பான்" என்கிறார் அப்பா. நானும் கும்பிடுகிறவள்தான், கும்பிட்ட கையோடு கட்டுகளையும் எண்ணிவிடுவேன்! தீவனம் பற்றாமல் போன வருஷத்தில் மனசை எப்படித் தேற்றிக்கொண்டீர்கள், எந்த மாட்டை முதலில் விற்றீர்கள்? இரண்டையும் எழுதுங்கள்.