மிக்கோலாவா, நிக்கோலாயா? நிகழ்ச்சித் தாளில் எந்தப் பெயரைப் போடுவது?

கேட்டவர்: ஆல்டோ டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழுவில் இருபது வருஷமாக ஆல்டோ பாடுகிறேன். இந்தக் கிறிஸ்மஸுக்கு 'கேரல் ஆஃப் தி பெல்ஸ்' எடுத்திருக்கிறோம். நான்கே சுரம், திரும்பத் திரும்ப வரும், கேட்க எளிது. பாடிப் பார்த்தால்தான் மூச்சு எங்கே வாங்குவது என்று தெரியாமல் தவிப்போம். அது கிடக்கட்டும்.

நிகழ்ச்சித் தாளைத் தமிழில் தயார் செய்யும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எங்களிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. எண்பதுகளில் எடுத்த பழைய ஜெராக்ஸில் இசையமைப்பாளர் பெயர் 'நிக்கோலாய்'. போன மாதம் இறக்கிய புதுப் பிரதியில் 'மிக்கோலா'. இரண்டிலும் குடும்பப் பெயர் ஒன்றுதான். பேஸ் வரிசையில் இருக்கும் ஒருவர், "அண்ணன் தம்பியாக இருப்பார்கள்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். டெனர் தம்பி ஒருவனோ, 'ஆ' என்று முடிவதால் அது பெண் பெயர்தான் என்று அடித்துச் சொல்கிறான்.

இருவரும் ஒரே ஆளா? எதைப் போடுவது சரி? தமிழில் எப்படி எழுதுவது? இந்தப் பெயரில் வேறு யாராவது பெரிய மனிதர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அறிவிப்பாளர் நான்கு வரி பேச உதவும்.

பதில் 1: வின்னித்சியா வாசி

டீச்சர், வணக்கம். நான் 2008 முதல் 2014 வரை உக்ரைனின் வின்னித்சியாவில் மருத்துவம் படித்தவன். இப்போது தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் வேலை. நீங்கள் கேட்டவர் எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, பெண்ணும் இல்லை. ஒரே ஆள். மிக்கோலா என்பது உக்ரைனியப் பெயர், அதன் ரஷ்ய வடிவம் நிக்கோலாய். உங்கள் பழைய ஜெராக்ஸ் சோவியத் காலத்துப் பிரதியாக இருக்கும். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போன பெயர்கள் பெரும்பாலும் ரஷ்ய வடிவத்தில்தான் போயின.

மூலப் பெயர் கிரேக்கம். 'நீக்கே' என்றால் வெற்றி, 'லாவோஸ்' என்றால் மக்கள். மீரா நகரத்து ஆயர் புனித நிக்கோலாஸ் வழியாக அது கிறிஸ்தவ உலகம் முழுக்கப் பரவியது. ஸ்லாவ் நாக்குக்குப் போனதும் பல இடங்களில் முதல் எழுத்து 'ந'விலிருந்து 'ம'வுக்கு மாறிவிட்டது. போலந்துக்காரர்கள் மிக்கொவாய் என்கிறார்கள், செக்குகள் மிக்குலாஷ். உக்ரைனில் நிக்கித்தாகூட மிக்கித்தா ஆகிவிடும்.

உங்கள் டெனர் தம்பி மாதிரிதான் நானும் ஏமாந்தேன். முதல் வாரம் விடுதிப் பலகையில் காவலர் பெயர் 'மிக்கோலா' என்று இருந்ததைப் பார்த்து ஒரு பாட்டியை எதிர்பார்த்துப் போனேன். ஆறடி உயரத்தில் மீசை வைத்த பெரியவர் சாவிக்கொத்தோடு நின்றார். அந்த மொழியில் பெண் பெயர்கள் 'ஆ'வில் முடிவதுதான் வழக்கம், ஆனால் மிக்கோலா, மிக்கித்தா, இல்லியா எல்லாம் ஆண்கள். அவர் பெயரை எழுதியிருந்தபடியே உரக்கச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பியவர் சிரித்துவிட்டு, கூப்பிடும்போது "மிக்கோலோ" என்று சொல்ல வேண்டும் என்றார். அப்புறம்தான் புரிந்தது, நம் இலக்கணத்தில் இருக்கிற விளி வேற்றுமை அவர்களுக்கும் உண்டு. நாம் கண்ணனைக் 'கண்ணா' என்று கூப்பிடுகிற மாதிரி. ரஷ்ய மொழியில் இது வழக்கொழிந்துவிட்டது, உக்ரைனிய மொழியில் நன்றாக உயிரோடு இருக்கிறது.

பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடுவதென்றால் பெயரோடு அப்பா பெயரையும் சேர்க்க வேண்டும். மிக்கோலாவின் மகன் மிக்கொலாயோவிச், மகள் மிக்கொலாயிவ்னா. நமக்கு இன்ஷியல், அவர்களுக்கு முழுப் பெயர். நான் பிறகு குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டி, "உன் அப்பா பெயர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து கடைசி நாள்வரை நான் 'செல்வராஜோவிச்'. அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவருக்கு ஒரே பெருமை.

சரி, உங்கள் ஆளுக்கு வருகிறேன். மிக்கோலா லெயொன்தோவிச், 1877இல் இன்றைய வின்னித்சியா மாகாணத்தில் மொனஸ்திரோக் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா பாதிரியார். இவரும் இறையியல் படித்துவிட்டு, பாட்டு ஆசிரியராகவே வாழ்க்கையைக் கழித்தார். வின்னித்சியாவுக்குத் தெற்கே துல்ச்சின் என்ற ஊரில் பல வருஷம் பெண்கள் பள்ளியில் பாடகர் குழு நடத்தினார். நீங்கள் பாடப்போகும் பாட்டின் உண்மையான பெயர் 'ஷ்செத்ரிக்'. 1916 டிசம்பரில் கீவில் ஒலெக்சாந்தர் கோஷித்சின் குழு அதை முதலில் பாடியது.

அறிவிப்பாளரிடம் இதைக் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள்: மூலப் பாட்டில் மணியே கிடையாது, கிறிஸ்து பிறப்பும் கிடையாது. ஒரு தகைவிலான் குருவி வீட்டுக்குள் பறந்து வந்து, "எஜமானே, வெளியே வா, தொழுவத்தைப் பார், ஆடுகள் குட்டி போட்டிருக்கின்றன" என்று கூவுகிறது. அவ்வளவுதான். பழைய நாட்காட்டிப்படி ஜனவரி 13ஆம் தேதி ராத்திரி, புத்தாண்டுக்கு முந்தைய இரவில், வீடு வீடாகப் போய்ப் பாடும் வாழ்த்துப் பாட்டு அது. (அதே நாளில் அம்மா எங்கள் வீட்டில் போகிக்குப் பழைய பாயைக் கொளுத்திக்கொண்டிருப்பார்.) கொட்டும் பனியில் குருவி எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். பண்டைக் காலத்தில் அவர்களுக்குப் புத்தாண்டு வசந்தத்தில் பிறந்தது, பாட்டு அந்தக் காலத்து நினைவு. 1922 அக்டோபரில் கோஷித்சின் குழு நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் இதைப் பாடியது. பீட்டர் வில்ஹவ்ஸ்கி என்பவர் 1936இல் மணிகளை வைத்து ஆங்கில வரிகள் எழுதினார். அதைத்தான் உலகம் பாடுகிறது.

அந்த அரங்கில் பாட்டு ஒலித்தபோது எழுதியவர் உயிரோடு இல்லை. 1921 ஜனவரி 23, விடியும் நேரம். மார்க்கிவ்கா கிராமத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தார். முந்தைய இரவு ஓர் ஆள் வந்து, தங்க இடம் கேட்டிருக்கிறான். இடம் கொடுத்துச் சோறும் போட்டிருக்கிறார்கள். அவன் சோவியத் ரகசியப் போலீஸ் ஏஜெண்ட். காலையில் சுட்டுவிட்டுப் போனான். 43 வயது. சுட்டவன் யார் என்பது தொண்ணூறுகளில்தான் ஆவணத்தோடு வெளியே தெரிந்தது.

இப்படிப்பட்ட ஆளை அந்த அரசாங்கம் எழுதிய பெயரில் போடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. 'மிக்கோலா' போடுங்கள்.

எழுத்துக்கூட்டல்: 'மிகோலா' வேண்டாம். நடுவில் ஒற்றைக் 'க' வந்தால் நம் ஆட்கள் மெலித்து வாசிப்பார்கள். 'க்' சேர்த்து 'மிக்கோலா'. அழுத்தமும் அந்தக் 'கோ'வில்தான் விழுகிறது, நெடில் அதற்குப் பொருத்தமாக உட்கார்ந்துகொள்ளும்.

பதில் 2: பழைய புத்தகக் கட்டு

டாக்டர் அருமையாக எழுதியிருக்கிறார். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உறுத்தல். இந்த விதியை எல்லோருக்கும் போட முடியுமா? சோவியத் புத்தகங்களைத் தமிழில் படித்து வளர்ந்த என் தலைமுறைக்கு அவர் நிக்கோலாய் கோகல். 1809இல் பொல்தாவா பக்கம் பிறந்த உக்ரைனியர், எழுதியதோ ரஷ்ய மொழியில். உக்ரைனில் அவரை மிக்கோலா ஹோஹொல் என்கிறார்கள். தமிழில் அப்படிப் போட்டால் யாருக்குத் தெரியும்?

மற்றபடி இந்தப் பெயர்க்காரர்களின் கதையை எடுத்தால் இருபதாம் நூற்றாண்டு உக்ரைனே வந்து நிற்கும். 1933ஐ மட்டும் பாருங்கள். மே 13ஆம் தேதி ஹார்க்கிவில், எழுத்தாளர்கள் சேர்ந்து குடியிருந்த 'ஸ்லோவோ' கட்டடத்தில் மிக்கோலா ஹ்விலோவி தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். ஜூலை 7ஆம் தேதி அதே ஊரில் மிக்கோலா ஸ்க்ரிப்னிக். ஒருவர் எழுத்தாளர், இன்னொருவர் கல்வி அமைச்சராக இருந்தவர். இருவருமே கம்யூனிஸ்டுகள் என்பதுதான் கசப்பு. நான்கு வருஷம் கழித்து, 1937 நவம்பர் 3ஆம் தேதி, ரஷ்யாவின் கரேலியாவில் சாந்தர்மோஹ் காட்டில் கவிஞர் மிக்கோலா ஜெரோவும் நாடக ஆசிரியர் மிக்கோலா குலிஷும் ஒரே நாளில் சுடப்பட்டார்கள்.

ஸ்க்ரிப்னிக் பற்றி இன்னொன்று, எழுத்துக்கூட்டல் பேச்சு வந்ததால். 1928இல் உக்ரைனிய மொழிக்குப் பொது எழுத்து விதிகள் வந்தது அவர் தலைமையில். அதில் 'ஹ' ஒலிக்கு ஓர் எழுத்து, வல்லொலிக் 'க'வுக்கு, அதாவது 'கங்கை' என்று சொல்லும்போது முதலில் வருகிற ஒலிக்கு, தனியாக இன்னொரு எழுத்து. அவர் இறந்த வருஷமே அந்த இரண்டாவது எழுத்தை அரிச்சுவடியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரஷ்ய மொழியிலிருந்து விலகிப்போகிறதாம். 1990இல்தான் அது திரும்பி வந்தது. ஓர் எழுத்துக்கு 57 வருஷ வனவாசம்!

பதில் 3: குறிதவறாதவன்

செத்தவர்களாகவே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், நடுவில் ஒரு உயிருள்ள மிக்கோலா. 2000 சிட்னி ஒலிம்பிக், ஸ்கீட் துப்பாக்கி சுடுதல், மிக்கோலா மில்ச்செவ். தகுதிச் சுற்றில் 125க்கு 125, இறுதியில் 25க்கு 25. மொத்தம் 150 களிமண் தட்டு, ஒன்றுகூடத் தப்பவில்லை. தங்கம். நான் கிளப்பில் 25க்கு 19 அடித்தாலே வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிப் போகிற ஆள்.

பதில் 4: வின்னித்சியா வாசி

புத்தகக் கட்டு ஐயா கேட்டது நியாயம். அந்தச் சங்கடம் எனக்கே உண்டு. எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரே நிக்கோலாய் பிரகோவ் என்ற மருத்துவரின் பெயர்தான். அறுவை சிகிச்சை படித்தவர்களுக்கு 'பிரகோஃப் ஆம்புடேஷன்' தெரியும், அதே ஆள். மாஸ்கோவில் 1810இல் பிறந்த ரஷ்யர். போர்க்களத்தில் ஈதர் மயக்க மருந்தை 1847இல் பயன்படுத்தியவர், கிரிமியப் போரில் எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டைப் பரவலாக்கியவர். கடைசிக் காலத்தில் வின்னித்சியா பக்கம் விஷ்னியாவில் நிலம் வாங்கி, அங்கேயே இலவசமாக வைத்தியம் பார்த்து 1881இல் இறந்தார். உடலைப் பதப்படுத்தி ஒரு சின்னக் கோவிலின் நிலவறையில் வைத்திருக்கிறார்கள். லெனின் உடலைவிட நாற்பது வருஷம் மூத்தது. முதலாமாண்டு மாணவர்களாக எங்களைக் கூட்டிப்போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் தாடியோடு தூங்குகிற மாதிரி இருந்தார். உள்ளே குளிர். பக்கத்தில் நின்ற மதுரைப் பையன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

உக்ரைனிய மொழியில் அவரும் மிக்கோலாதான். கீவ் இதய நோய் நிலையத்துக்குப் பெயர் தந்த அமோசவும் ரஷ்யாவில் பிறந்தவர், அவரும் மிக்கோலாதான். ஊர்க்காரர்கள் தங்கள் மொழியில் கூப்பிடுகிறார்கள், அதில் தப்பில்லை. தமிழில் எழுதும்போது பிரகோவை நிக்கோலாய் என்றே எழுதுவேன், கோகலையும் அப்படியே விட்டுவிடலாம். லெயொன்தோவிச் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் உக்ரைனிய மொழியில் பாட்டுச் சேகரித்து, அந்த மொழிக்காரராகவே வாழ்ந்தவர்.

டீச்சர், உங்கள் கோவிலுக்கு இன்னொரு செய்தி. புனித நிக்கோலாஸை அங்கே 'ஸ்வியாத்தி மிக்கொலாய்' என்பார்கள். பிள்ளைகளின் தலையணைக்கு அடியில் பரிசு வைத்துவிட்டுப் போவார், சேட்டை செய்தவர்களுக்கு ஒரு குச்சி. நான் இருந்தபோது டிசம்பர் 19. 2023இல் நாட்காட்டியை மாற்றிக்கொண்டதால் இப்போது உங்களோடு சேர்ந்து டிசம்பர் 6.

கேட்டவர்: ஆல்டோ டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் தம்பி, குருவிக் கதையை ஒத்திகையில் சொன்னேன். மணி அடிக்கிற மாதிரி ஓங்கி ஓங்கிப் பாடிக்கொண்டிருந்த சொப்ரானோ பிள்ளைகள், குருவி என்றதும் தானாகவே மெதுவாகப் பாடினார்கள். எங்கள் குழுத்தலைவர் இரண்டு மாதமாகக் கத்திக் கேட்டது அதைத்தான்.

'மிக்கோலா லெயொன்தோவிச் (1877-1921), உக்ரைன்' என்று தெளிவாக எழுதி அச்சகத்தில் கொடுத்தேன். நேற்று மாலை முந்நூறு தாளும் கட்டாக வந்தது. டைப் செய்த பையன் நான் பிழையாக எழுதிவிட்டேன் என்று நினைத்துத் திருத்தியிருக்கிறான். 'மிக்கேல் லெயொன்தோவிச்'.

இப்போது நானும் டெனர் தம்பியும் ஆளுக்கு ஒரு பேனாவோடு உட்கார்ந்திருக்கிறோம். நூற்று நாற்பது முடிந்தது.