புல்லட் 350: போர் போடும்போது காஸ்ட் பிஸ்டனா, ஃபோர்ஜ்டு பிஸ்டனா?

தக்கலைக்காரன்:
என்னிடம் இருப்பது பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350. சென்ற ஆடியில் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது, ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்காற்றை முறித்துக்கொண்டு முழு ஆக்சிலேட்டரில் வந்த வண்டி, பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் ஸ்கர்ட்டில் (கீழ்ப்பக்கச் சுவரில்) முன்னும் பின்னும் உரசல் கோடுகள். ரிங்குகளும் பிஸ்டனின் தலையும் முழுதாக உள்ளன. அடுத்த ஓவர்சைஸுக்குப் போர் போட (சற்றே பெரிய பிஸ்டனுக்கு ஏற்பச் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்க) வேண்டும். லேத் பட்டறைக்காரர் காஸ்ட் (உருக்கி வார்த்த பிஸ்டன்) போதும் என்கிறார். நண்பரோ, ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய பிஸ்டன்) போட்டால் இனிப் பிடிக்கவே பிடிக்காது என்கிறார். தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போவதும், ஞாயிறுகளில் பேச்சிப்பாறைக்கு இருவராகச் செல்வதும்தான் என் ஓட்டம். எதைப் போடலாம்?

குழித்துறை லேத்:
உங்கள் நண்பர் சொல்வது தலைகீழ். விரிய இடமில்லாமலோ எண்ணெய் போதாமலோதான் பிஸ்டன் பிடிக்கும். ஃபோர்ஜ்டு என்பதற்காக அது விலகிப்போகாது. காஸ்ட் பிஸ்டனை அலுமினியத்தில் பெரும்பாலும் 12 விழுக்காட்டை ஒட்டிச் சிலிக்கான் கலந்து வார்ப்பார்கள்; சிலிக்கான் கூடக்கூட விரிவு குறையும். ஃபோர்ஜ்டில் 4032 என்னும் கலவையில் ஏறத்தாழ அதே அளவு சிலிக்கான் உண்டு, 2618-இல் இல்லை என்றே சொல்லலாம். உங்கள் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர் என்பதால், 150 டிகிரி சூடு ஏறும்போது 4032 பிஸ்டன் சுமார் 0.20 மில்லிமீட்டரும், 2618 பிஸ்டன் சுமார் 0.23 மில்லிமீட்டரும் விரியும். அதே சூட்டில் வார்ப்பிரும்பு அதில் பாதியளவே விரியும். அந்த 0.03 அற்பமாகத் தோன்றலாம், ஆனால் அது முழுவதும் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடும் கிளியரன்ஸிலிருந்துதான் கழியும்.

ஃபோர்ஜ்டின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. கம்ப்ரஷனை ஏற்றினாலோ டர்போ வைத்தாலோ நாக்கிங் (எரிபொருள் தானாக வெடித்துத் தட்டுவது) வரும்போது, காஸ்டில் ரிங் காடிகளுக்கு இடைப்பட்ட மெல்லிய விளிம்பு உடைந்து விழும். ஃபோர்ஜ்டு அவ்வளவு எளிதில் நொறுங்காது. உங்கள் பிஸ்டனில் அப்படி எதுவும் உடையவில்லை. ஆகவே காஸ்டே போதும், ஆனால் ஆயில் பம்பையும், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டையும் பார்க்காமல் புதியதை மாட்டாதீர்கள்.

கடியப்பட்டணம் 500:
காஸ்டே போதும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன், இருந்தாலும் ஃபோர்ஜ்டு ஆசை உள்ளவர்களுக்காக என் கதையைச் சொல்கிறேன். கம்ப்ரஷனை ஏற்றிய என் புல்லட் 500-க்கு 2618 பிஸ்டன் வாங்கினேன். பட்டறையில் வழக்கமான காஸ்ட் அளவுக்கே போர் போட்டுவிட்டார்கள். பிஸ்டனோடு வந்த தாளை நானும் காட்டவில்லை. மார்த்தாண்டம் தாண்டுவதற்குள் பிடித்துவிட்டது. இரண்டாம் முறை தாளில் உள்ள கிளியரன்ஸை விட்டபின் ஓடுகிறது, ஆனால் காலையில் சூடேறும்வரை பிஸ்டன் தட்டும் சத்தத்தில் தெருவே எழுந்துவிடுகிறது.

எதை வாங்கினாலும் முதலில் பிஸ்டனை வாங்கி, கஜன் பின்னுக்கு (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ஊசிக்கு) குறுக்காக, தாளில் சொன்ன உயரத்தில் ஸ்கர்ட்டை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்பப் போர் போடச் சொல்லுங்கள். பிஸ்டன் முழு வட்டமாக இருக்காது. வேறிடத்தில் அளந்தால் கணக்குப் பிசகும். கஜன் பின்னோடும் ரிங்குகளோடும் பழைய பிஸ்டனையும் புதியதையும் தராசில் வைத்துப் பாருங்கள். ஒற்றைச் சிலிண்டரில் எடை வெகுவாக மாறினால் அதிர்வும் மாறும்.

தக்கலைக்காரன்:
நன்றி. ஆயில் பம்பைக் கழற்றினேன். அதை ஓட்டும் வோர்ம் கியரின் பல் தேய்ந்து கிடந்தது. அதை மாற்றிவிட்டேன். காஸ்ட் பிஸ்டன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அளந்த பிறகே சிலிண்டரைப் போருக்கு ஏற்றுவதாகப் பட்டறைக்காரரும் ஒப்புக்கொண்டார்.