கடையில் ஸ்டூல் போட்டார்களா? உட்கார விட்டார்களா? உங்கள் அனுபவம்

பட்டுப்பிரிவு
தி.நகரில் ஒரு துணிக்கடை, புடவை செக்‌ஷன். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் வந்ததே, அதற்கப்புறம் எங்கள் தளத்திலும் ஸ்டூல் வந்தது. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஆடித் தள்ளுபடி நேரம், மதியம் கூட்டம் சற்றுக் குறைந்தது. உட்கார்ந்தேன். ஒரு பாட்டியம்மா வந்தார். நான் எழப்போனதும், "நீ உட்காரும்மா, நான் சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்றார். ஃப்ளோர் சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டு தலையாட்டினார். பாட்டி லிஃப்ட் பக்கம் திரும்பியதும் நான்கு புடவைப் பெட்டிகளை எடுத்துவந்து ஸ்டூல் மேல் அடுக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

தென்காசி மாரி
பெட்டி அடுக்கினது நல்ல டெக்னிக். எங்கள் நகைக்கடையில் ஸ்டூல் எல்லாம் ஸ்டாக் ரூமில். லேபர் ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார் என்றால் மட்டும் வெளியே வரும். அன்றைக்கு ஒருநாள் எங்களை உட்காரச் சொன்னார்கள் பாருங்கள், யாருக்கும் உட்கார வரவில்லை. எல்லாரும் சூப்பர்வைசர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைக்காரர் மகன்
எல்லா முதலாளியும் ஒன்றில்லை. எங்கள் கடை பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஸ்டூல் போட்டால் வாடிக்கையாளர் எங்கே நிற்பார்? பையன் உட்கார்ந்திருந்தால், வருகிறவர் "ஆள் இல்லையா" என்று அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். இது நான் கண்ணால் பார்த்தது.

மிட்டாய்த்தெரு
தம்பி, உங்கள் அப்பா கல்லாவில் நின்றுகொண்டா இருக்கிறார்? நான் கோழிக்கோட்டில் துணிக்கடை வேலையில் இருந்தவள். அங்கே விஜி அக்காவின் பெண்கூட்டு, அதாவது கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கான அமைப்பு, முதலில் கழிப்பறை கேட்டுத்தான் கிளம்பியது. கழிப்பறை இல்லாத கடை என்பதால் நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டோம். உட்காரும் கோரிக்கை அப்புறம் சேர்ந்தது. 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது, நம் ஊர் மூன்று வருடம் கழித்து. இங்கிலாந்தில் 1899-லேயே கடையில் வேலை பார்க்கும் பெண்கள் மூன்று பேருக்கு ஒரு இருக்கை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இட நெருக்கடி அங்கே இல்லையா என்ன?
எனக்கு மறக்காதது ஒன்றுதான். சட்டம் வந்த பிறகு எங்கள் கடையில் மூத்த சேச்சி ஒருத்தி முதன்முதலாக உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே செருப்பைக் கழற்றிக் காலைப் பார்த்தாள். கணுக்கால் மேலே நரம்பெல்லாம் நீலமாக முடிச்சு முடிச்சாக. நின்றே இருந்ததில் அவளே அதைச் சரியாகப் பார்த்ததில்லையாம்.

பிசியோ சரவணன்
என் அம்மாவும் சேல்ஸில் இருந்தவர், அதே நரம்புச் சுருட்டல். எல்லாரும் இதைச் செய்யுங்கள்: கால் இறுக்க சாக்ஸ் காலையில் எழுந்ததும் போடுங்கள், வீக்கம் வந்த பிறகு போட்டுப் பயன் குறைவு. அளவெடுத்து வாங்குங்கள். நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், கெண்டைச்சதை ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே காலில் பாரம் போடாதீர்கள். இரவு படுக்கும்போது காலுக்கடியில் தலையணை. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

பட்டுப்பிரிவு
அண்ணே, நன்றி, ஆனால் நான் சாக்ஸ் கேட்கவில்லை. பில் போடும் பையன் முழுநாளும் உட்கார்ந்துதான் இருக்கிறான். அவனைப் பார்த்து எந்த வாடிக்கையாளரும் ஓடவில்லை. இது கடைக்காரர் மகனுக்கு.

வக்கீல் குமாஸ்தா
தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்த்த 22-ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு அமையும்போது பயன்படுத்திக்கொள்ளலாம். வாய்ப்பு அமைந்ததா என்று யார் சொல்வது? கடையில் அது சூப்பர்வைசர்தான். அந்தப் பெட்டிகளை போட்டோ எடுத்தீர்களா?

பட்டுப்பிரிவு
வேலை நேரத்தில் போனை லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

தென்காசி மாரி
எங்களுக்கும் அப்படித்தான். சிசிடிவியில் இருக்குமே, அதைக் கேட்க முடியுமா?

கடைக்காரர் மகன்
கல்லாவில் அப்பா உட்கார்ந்துதான் இருக்கிறார். அது வேறு விஷயம்.

மிட்டாய்த்தெரு
எப்படி வேறு? சொல்லுங்கள், கேட்கிறேன்.